பச்சை மார்பு, கறுப்பு வயிறு: டொராண்டோ தோட்டத்து வியர்வைத் தேனீயை அடையாளம் காண்பது பற்றிய கேள்விகள்

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்புறம் சிறிய காய்கறித் தோட்டம் இருக்கிறது. கத்தரியும் தக்காளியும் பூக்கும் காலத்தில், தெரிந்தவர்கள் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி "இந்தப் பச்சைப் பூச்சி என்ன?" என்று கேட்பார்கள். பல தடவை படத்தில் இருப்பது ஒரே தேனீதான். அதன் அறிவியல் பெயர் அகபோஸ்டெமோன் விரெசென்ஸ். வியர்வைத் தேனீக் குடும்பத்தைச் சேர்ந்தது. டொராண்டோ மாநகரம் தன் அதிகாரபூர்வத் தேனீயாகத் தேர்ந்தெடுத்ததும் இதைத்தான். அடிக்கடி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பளபளவென்று பச்சையாக இருக்கிறதே, இது ஈ இல்லையா?

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். ஈக்களுக்கு அது கண்களுக்கு நடுவே குட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். தேனீக்கு நீளமாக, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்து கண்கள். ஈயின் கண்கள் தலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும், தேனீயின் கண்கள் தலையின் இரு பக்கமாக நீள்வட்டத்தில் இருக்கும். ஈக்கு இரண்டு சிறகு, தேனீக்கு நான்கு என்பது சரிதான். ஆனால் தேனீ உட்கார்ந்திருக்கும்போது முன்சிறகும் பின்சிறகும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் படத்தில் எண்ணுவது கடினம்.

பின்காலில் மகரந்தப் பொடி அப்பியிருந்தால் பிறகு சந்தேகமே வேண்டாம், அது பெண் தேனீ. பெட்டியில் வளர்க்கும் தேனீ மகரந்தத்தைத் தேனால் ஈரமாக்கி உருண்டையாகச் சுமக்கும். வியர்வைத் தேனீ பின்காலின் மயிர்க்கற்றையில் உலர்ந்த பொடியாகவே எடுத்துப் போகும். கால் முழுக்க மஞ்சள் மாவு பூசியது போலத் தெரியும்.

வியர்வைத் தேனீ என்று ஏன் பெயர்? நம் ஊர்க் கொசுத்தேனீயும் கையில் உட்கார்ந்து வியர்வையை நக்குமே, இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. நம் ஊரில் சுவர்ப் பொந்திலும் மரப்பொந்திலும் கூடு கட்டி, மருந்துக்கு ஆகும் தேனைத் தரும் கொசுத்தேனீ, பெட்டித் தேனீயும் மலைத்தேனீயும் இருக்கும் ஏபிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குக் கொட்டத் தெரியாது. வியர்வைத் தேனீக்கள் ஹாலிக்டிடே என்ற வேறு குடும்பம். அவற்றின் பெண்களுக்குக் கொடுக்கு உண்டு. தேன் சேமிக்கும் அடையெல்லாம் அவை கட்டுவதில்லை.

உப்புக்காக வியர்வையைத் தேடி வரும் பழக்கம் இரண்டு குடும்பத்திலும் இருக்கிறது. அதனால் கையில் வந்து உட்கார்ந்ததை மட்டும் வைத்துக் குடும்பத்தைச் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. நாம் பேசும் இந்தப் பச்சைத் தேனீ பெயருக்குத்தான் வியர்வைத் தேனீ, மனித வியர்வைக்கு அது அவ்வளவாக வருவதில்லை. கோடையில் முழங்கையில் வந்து உட்காருபவை பெரும்பாலும் அதே குடும்பத்தின் குட்டித் தேனீக்களான லாசியோகிளாசம் வகைகள்.

சரி, விரெசென்ஸ்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பெண்ணாக இருந்தால், வட அமெரிக்கத் தேனீக்களில் இதைப் போல எளிதானது குறைவு. தலையும் மார்பும் பளிச்சென்ற உலோகப் பச்சை. வயிறு கறுப்பு, அதில் வெள்ளை மயிர்ப் பட்டைகள். இடுப்பில் கோடு போட்டுப் பிரித்தது போல, பச்சை முடியும் இடத்தில் கறுப்பு தொடங்கும். நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவு, சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். கனடாவின் இந்தப் பகுதியில் இந்த நிறச் சேர்க்கையோடு வரும் பெண் தேனீ இது ஒன்றுதான் என்பதால், நல்ல வெளிச்சத்தில் முதுகுப் பக்கப் படம் ஒன்று இருந்தாலே போதும்.

ஆனால் "பச்சை" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் வழி தவறிவிடும். அந்தப் பச்சை சாயம் அல்ல. உடலின் மேற்தோலில் உள்ள நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். வெயிலின் கோணம் மாறினால் அது பொன்னாகவும் நீலமாகவும் தெரியும். நிழலில் எடுத்த படத்தில் பச்சை கறுத்துப்போய், முழுத் தேனீயும் கறுப்பாகவே தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் நிறத்தை முதல் குறிப்பாக வைத்துக்கொண்டு, உடலமைப்பிலும் ஒன்றிரண்டைச் சரிபார்ப்பேன்.

முதலாவது, முன்சிறகின் அடிப்பகுதி நரம்பு. வியர்வைத் தேனீக் குடும்பத்தில் இது நேராக ஓடாமல் வில்லாக வளைந்திருக்கும். சிறகு விரிந்த படம் ஒன்று கிடைத்துவிட்டால் குடும்பத்தை இதிலேயே சொல்லிவிடலாம். இரண்டாவது, மார்பின் பின்முகம். வயிறு ஒட்டும் இடத்துக்கு மேலே செங்குத்தாக இறங்கும் சுவர் போன்ற பகுதி அது. அகபோஸ்டெமோன் பேரினத்தில் அந்தச் சுவரைச் சுற்றிலும், வயலுக்கு வரப்பு கட்டியது போல ஒரு மேட்டுக்கோடு ஓடும். இதைப் பார்க்க உருப்பெருக்கியோ நெருங்கி எடுத்த படமோ வேண்டும். வரப்பு முழுதாகச் சுற்றி வந்தால் பேரினம் உறுதி.

எனக்குக் கிடைத்ததில் வயிறும் பச்சை. அது எது?

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதே அகபோஸ்டெமோன் பேரினத்தில் செரிசியஸ், ஸ்ப்ளெண்டென்ஸ் போன்ற இனங்களின் பெண்கள் தலை முதல் வால் வரை பச்சை. அளவும் கிட்டத்தட்ட அதே.

சற்றுச் சிறியதாக, முழுப் பச்சையாக இருந்தால் அகோகுளோரா, அகோகுளோரெல்லா, அகோகுளோராப்சிஸ் என்ற மூன்று பேரினங்களையும் யோசிக்க வேண்டும். இவற்றில் அகோகுளோரா பியூரா மண்ணில் கூடு தோண்டாது, இற்றுப்போன மரத்தில்தான் கூடு அமைக்கும். உளுத்த கட்டையின் பட்டைக்கு அடியில் கண்டீர்களா, வெறும் தரையில் கண்டீர்களா என்பதே பாதி விடை. அகோகுளோராப்சிஸைப் பிரிக்க, முன்சிறகு உடலோடு சேரும் இடத்தை மூடியிருக்கும் குட்டிச் செதிலைப் பார்ப்பார்கள். மற்றவற்றில் அது நீள்வட்டம், இதில் உள்விளிம்பு குழிந்து காற்புள்ளி போல இருக்கும்.

தேனீ அல்லாத ஒன்றும் இந்த வரிசையில் அடிக்கடி வந்து கலக்கும். அது பச்சைக் குயில்குளவி. உடல் முழுக்க ஊசியால் குத்தியது போலக் குழிகள், காலில் மகரந்த மயிர் கிடையாது, தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நீலப்பச்சையில் மேசன் தேனீக்களும் உண்டு. அவை மகரந்தத்தைக் காலில் அல்லாமல் வயிற்றின் அடிப்பக்கத்தில் சுமக்கும்.

வயிற்றில் மஞ்சள் வரி இருக்கிறது. அது வேறு இனமா?

பெரும்பாலும் அது ஆண். விரெசென்ஸ் ஆணுக்குத் தலையும் மார்பும் பெண்ணைப் போலவே பச்சைதான், ஆனால் வயிற்றில் கறுப்பும் மஞ்சளும் மாறி மாறி வரும். உடல் ஒல்லி. உணர்கொம்பின் கணுக்களை எண்ண முடிந்தால் இன்னும் நல்லது. ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12. பெண்ணுக்கு வயிற்றில் ஆறு வளையங்கள் தெரியும், ஆணுக்கு ஏழு.

ஆண்களில் இனத்தைச் சொல்வதில் நான் அவசரப்படுவதில்லை. இந்தப் பேரினத்தில் பல இனங்களின் ஆண்கள் கறுப்பு மஞ்சள் வரியோடுதான் இருக்கின்றன. நிபுணர்கள் பின்தொடை தடித்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், வயிற்றின் அடிப்பக்கத் தகடுகளின் வடிவத்தைப் பார்ப்பார்கள், முடிவாக இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்ப்பார்கள். பூவில் உட்கார்ந்த ஆணை மேலிருந்து எடுத்த ஒரு படத்துக்கு "அகபோஸ்டெமோன், ஆண்" என்று பதில் சொல்வதே நேர்மை.

எந்த மாதம் எடுத்த படம் என்பதும் உதவும். கருவுற்ற பெண்கள் மட்டுமே மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தின் பிற்பகுதியில் வெளியே வருகின்றன. ஆண்கள் பிறப்பது கோடையின் பின்பாதியில். இலையுதிர் காலம் முடியும்போது அவை இறந்துவிடும். ஆகவே மே மாதத்தில் "ஆண்" என்று யாராவது சொன்னால் நான் படத்தை இன்னொரு தடவை பார்ப்பேன்.

வகைப்பாட்டில் இது எங்கே வருகிறது?

எறும்பு, குளவி, தேனீ எல்லாம் இருக்கும் ஹைமனாப்டெரா வரிசை. அதில் ஹாலிக்டிடே குடும்பம். உலகில் இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 4,500 இனங்கள் உள்ளன. குடும்பத்துக்குள் நான்கு துணைக்குடும்பங்கள், அவற்றில் ஹாலிக்டினே நம்முடையது. அதற்குக் கீழே அகபோஸ்டெமோன் பேரினம், நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்களோடு கனடாவிலிருந்து அர்ஜென்டினா வரை பரவியிருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இந்தப் பேரினம் இல்லை.

இந்தக் குடும்பத்தின் உருவ வேறுபாடு மலைக்க வைக்கும். எறும்பு அளவில் கறுப்பாக ஒன்று, பச்சையாக ஒன்று, சிவந்த வயிற்றோடு மகரந்த மயிரே இல்லாமல் ஒன்று. அந்தச் சிவந்த வயிற்றுக்காரி ஸ்பெகோடெஸ், மற்றத் தேனீக்களின் கூட்டில் முட்டையிடும் ஒட்டுண்ணி. பார்த்தால் குளவி என்றே தோன்றும். இவை எல்லாம் ஒரே குடும்பம் என்று காட்டிக்கொடுப்பது மேலே சொன்ன சிறகு நரம்பு போன்ற சின்னச் சின்ன அடையாளங்கள்தான்.

பெயருக்குப் பின்னால் ஓர் ஆளின் பெயரும் 1775 என்றும் அடைப்புக்குறிக்குள் வருகிறதே?

முழுப் பெயரை அகபோஸ்டெமோன் விரெசென்ஸ் (ஃபாப்ரிசியஸ், 1775) என்று எழுதுவார்கள். யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர், லின்னேயஸின் மாணவர். இந்த இனத்தை முதலில் விவரித்துப் பெயரிட்டவர் அவர். அடைப்புக்குறி சும்மா போட்டதல்ல. அவர் பெயர் வைத்தபோது இந்த இனத்தை வேறொரு பேரினத்தில் சேர்த்திருந்தார், பிற்பாடு அது இடம் மாறியது என்று அர்த்தம். அகபோஸ்டெமோன் என்ற பேரினமே 1844-இல்தான் உருவானது. அதை உருவாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் கெரான்-மெனெவில். கிரேக்கத்தில் அதற்குப் பூவின் மகரந்தத்தாளை நேசிப்பது என்று பொருள். விரெசென்ஸ் என்பது இலத்தீன், பச்சையாகிக்கொண்டிருப்பது.

அதற்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. 1972-இல் ராட்கிளிஃப் ராபர்ட்ஸ் பேரினம் முழுவதையும் மறு ஆய்வு செய்தார். 2003-இல் இதே டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான்ஜிச், பாக்கர் இருவரும் இதன் இனங்களுக்குள் யார் யாருக்கு நெருங்கிய உறவு என்று ஆராய்ந்து எழுதினார்கள்.

நல்ல படம் இருந்தால் எந்த வியர்வைத் தேனீயையும் இனம் வரை சொல்லிவிடலாமா?

முடியாது. விரெசென்ஸ் பெண் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், அதை வைத்து மற்றவற்றை எடைபோடக் கூடாது.

ஹாலிக்டஸ் லிகாட்டஸ் என்ற தேனீயை எடுத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கு அமெரிக்காவில் அதைப் போலவே அச்சு அசலாக இருக்கும் இன்னோர் இனம் இருப்பதை 1996-இல் கார்மனும் பாக்கரும் காட்டினார்கள். புரத வேறுபாடுகளைச் சோதித்தபோதுதான் அது வெளிப்பட்டது. போயி என்பது அந்த இரண்டாவது இனத்தின் பெயர். உருவத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க வழியில்லை.

இன்னும் பெரிய சிக்கல் லாசியோகிளாசம். 2010-இல் ஜேசன் கிப்ஸ் கனடாவின் உலோக நிற லாசியோகிளாசங்களை மறு ஆய்வு செய்து 84 இனங்களை விவரித்தார். அவற்றில் 19 அதுவரை அறிவியலுக்குத் தெரியாதவை. அந்தப் புதியவற்றில் ஒன்றான எஃபியால்டம் டொராண்டோ நகரத்துக்குள்ளேயே கிடைத்தது. கெட்ட கனவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார் என்றால், இவற்றைப் பிரித்தறிவது எவ்வளவு பாடு என்று புரியும். லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் நகரத்தில், கண்ணெதிரே பறந்துகொண்டிருந்த தேனீக்கு 2010 வரை பெயர் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மரபணுச் சோதனை செய்தால் எல்லாம் தீர்ந்துவிடுமே?

பெரிதும் உதவும். 2003-இல் ஒண்டாரியோவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் முன்வைத்த "மரபணுப் பட்டைக்குறி" முறையில், ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டை மட்டும் படித்து, சேமிப்பில் உள்ளவற்றோடு ஒப்பிடுவார்கள். ஒரு கால் துண்டு இருந்தாலே போதும். ஆனால் ஒப்பிடுவதற்கு, யாரோ ஒருவர் உருவத்தைப் பார்த்துச் சரியாகப் பெயரிட்ட மாதிரி முன்பே அங்கே இருக்க வேண்டும். அதில் பெயர் தவறினால் எல்லாம் தவறும். கண்ணால் பார்த்துச் சொல்பவரின் வேலை போய்விடவில்லை.

தரையில் ஒரே துளையில் பல தேனீக்கள் போய் வருகின்றன. தேன்கூடா? ராணி உள்ளே இருக்குமா?

ராணி கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

விரெசென்ஸ் கூட்டை, பழைய சென்னையில் ஒரே வாசலுக்குள் பல குடித்தனம் இருந்த ஸ்டோர் வீட்டோடு ஒப்பிடலாம். பல பெண்கள் ஒரே நுழைவாயிலைப் பகிர்ந்துகொள்ளும். சில கூடுகளில் இருபதுக்கும் மேல் இருக்கும். உள்ளே போனதும் அவரவர் அறை, அவரவர் பிள்ளை. நேர்கீழாக இறங்கும் சுரங்கத்திலிருந்து பக்கவாட்டில் கிளை தோண்டி, அதன் முனையில் ஓர் அறை செய்து, உள்சுவரில் ஈரம் புகாத பூச்சு பூசி, மகரந்தமும் பூந்தேனும் பிசைந்த உருண்டையை வைத்து, அதன் மேல் ஒரு முட்டை இடும். இன்னொருத்தியின் குஞ்சுக்கு யாரும் ஊட்டுவதில்லை. வேலைக்காரி என்ற பிரிவும் இல்லை.

அப்படியானால் சேர்ந்து இருப்பதில் என்ன லாபம்? கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆப்ரம்ஸ், ஐக்வார்ட் இருவரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில் இதன் காவலைப் பற்றி எழுதினார்கள். ஒரு பெண் வாசலில் தலையை வைத்து அடைத்துக்கொண்டிருக்கும். அந்தத் துளையில் நீங்கள் குனிந்து பார்த்தால் தெரியும் பச்சை முகம் அதுதான். நோமாடா ஆர்ட்டிகுலேட்டா என்ற ஒட்டுண்ணித் தேனீ இந்தக் கூடுகளில் திருட்டுத்தனமாக முட்டையிடப் பார்க்கும். தனிக்குடித்தனத் தேனீ பூவுக்குப் போனால் வீடு திறந்து கிடக்கும், பொதுவாசலில் எப்போதும் யாராவது ஒருத்தி இருப்பாள்.

அடையாளம் காண்பதற்கும் இது உதவுகிறது. தரையில் ஒரு துளை, வாசலில் பச்சை முகம், ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெண்கள் வந்து நுழைவது என்றால் விரெசென்ஸ் பக்கமே என் முதல் ஊகம் போகும். துளையை மூடிவிடாதீர்கள், மருந்து எதுவும் ஊற்றாதீர்கள். வெறும் மண் கொஞ்சம் இருக்கும் புல்வெளிதான் அவற்றுக்கு வீட்டுமனை.

கொட்டுமா?

பெண்ணைக் கையில் வைத்து நசுக்கினாலோ உடைக்குள் மாட்டினாலோ கொட்டும். லேசான வலிதான். கொட்டுகளின் வலியை ஒன்று முதல் நான்கு வரை தரப்படுத்திய ஜஸ்டின் ஷ்மிட், வியர்வைத் தேனீக்கு ஒன்று கொடுத்தார். தேனீக் கடிக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் எதிலும் கவனமாக இருக்க வேண்டும்.

பெயர் தெரிந்துகொள்ள அதைக் கொல்ல வேண்டுமா?

நமக்குத் தேவையில்லை. தெளிவான சிறிய கண்ணாடிக் குப்பியில் பிடித்து, குளிர்பெட்டியில் பத்து நிமிடம் வைத்தால் மந்தமாகிவிடும். வெளியே எடுத்து வெள்ளைக் காகிதத்தில் விட்டால் சில நிமிடம் அசையாமல் இருக்கும். அந்த இடைவெளியில் முகம், முதுகு, பக்கவாட்டு, மார்பின் பின்முகம் என்று நான்கு படம் எடுத்துவிடலாம். வெயிலில் சூடேறியதும் பறந்துபோகும். உறைபெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், செத்துவிடும்.

ஆராய்ச்சியாளர்கள் சிலவற்றைப் பிடித்து ஊசியில் குத்திச் சேகரிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சேகரிப்புகள் இல்லாமல் எஃபியால்டத்துக்குப் பெயரே வந்திருக்காது.

தமிழ்நாட்டில் இது இருக்கிறதா?

இந்த இனம் இல்லை, ஆனால் இதே குடும்பத்தார் இருக்கிறார்கள். கத்தரிப் பூவில் ஹாப்லோநோமியா என்ற வியர்வைத் தேனீயைப் பார்க்கலாம். கறுத்த வயிற்றில் எனாமல் பூசியது போல நீலப்பச்சை வரிகள். இதை நீலவரித் தேனீ என்று சொல்லப்படும் அமெகில்லாவோடு பலர் குழப்பிக்கொள்வார்கள். அமெகில்லாவின் வரி மயிரால் ஆனது, உடலும் புசுபுசுவென்று இருக்கும். ஹாப்லோநோமியாவின் வரி தோலிலேயே இருப்பது. அமெகில்லா ஏபிடே குடும்பம்.

என் கத்தரிக்கும் தக்காளிக்கும் இவற்றால் பயன் உண்டா?

உண்டு. கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் குழாய் போன்ற பைக்குள் இருக்கும், நுனியில் சின்னத் துளை மட்டுமே வாசல். பூவைப் பிடித்துக்கொண்டு சிறகுத் தசையை அதிர வைத்தால் உப்புச் சீசாவைக் குலுக்கியது போல மகரந்தம் கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. வண்டுத் தேனீக்களுக்கும் வியர்வைத் தேனீக்களில் பலவற்றுக்கும் தெரியும்.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது? என்னென்ன குறிக்க வேண்டும்?

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடலாம். தேதி, இடம், எந்தப் பூவில் இருந்தது, தரையில் துளை இருந்ததா என்ற நான்கையும் மறக்காமல் எழுதுங்கள். கணினி பரிந்துரைக்கும் பெயரை அப்படியே ஏற்றுவிடாதீர்கள். வரப்பு தெரியவில்லை, சிறகு தெரியவில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள், அதுவும் முடியாவிட்டால் குடும்பத்தோடு. மங்கலாக இருக்கிறது என்று படத்தை நீக்கிவிட வேண்டாம், பின்னால் வரும் ஒருவர் அதில் நாம் கவனிக்காத ஒன்றைப் பார்க்கக்கூடும். ஒரே பூவில் அடுத்த நாளும் அதே நேரத்துக்குப் போய் நின்று பாருங்கள், பெரும்பாலும் இன்னொன்று வரும்.